காலேஜ் போகும் தங்கை பச்சரிசி தின்கிறாள், சாப்பாடு மட்டும் வேண்டாமாம்

சேலத்து அக்கா:
தங்கை கோவையில் ஹாஸ்டலில் தங்கி இரண்டாம் வருடம் படிக்கிறாள். காலையில் டிபன் கிடையாது, மதியம் பாதித் தட்டு, ராத்திரி டீயும் பிஸ்கட்டும். கேட்டால் டயட் என்கிறாள். ஆனால் லீவுக்கு வந்தவள் செல்போனைப் பார்த்தபடியே டப்பாவிலிருந்து பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்கிறாள். "அரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை பெய்யும்டி" என்று பாட்டி சிரிக்கிறார், அம்மாவும் கூடச் சிரிக்கிறார். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. திட்டினால் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். என்ன செய்வது?

வார்டு சிஸ்டர்:
திட்டுவதை விடுங்கள், முதலில் ரத்தப் பரிசோதனை. பச்சரிசி, சாக்பீஸ், விபூதி, ஐஸ்கட்டி இதையெல்லாம் தின்னத் தோன்றுவது பல நேரம் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வருவது. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் ரத்தசோகை, 8க்கும் கீழே என்றால் கடுமையானது. உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் சேர்த்துப் பாருங்கள், ஏனென்றால் ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே உடம்பில் இரும்பு இருப்பு தீர்ந்துபோயிருக்கலாம். மாதவிடாயில் போக்கு அதிகமா என்று அவளிடம் தனியாகக் கேளுங்கள். இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை, 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல், 53 சதவீதம், ரத்தசோகைதான்.

மெஸ் டோக்கன்:
நானும் ஹாஸ்டல்தான். எல்லாரும் டயட் இல்லை அக்கா, காலையில் பாத்ரூம் வரிசையில் நின்று தலை வாரி முடிப்பதற்குள் மெஸ் மூடிவிடும், மூடாவிட்டாலும் அங்கே இருப்பது நேற்றைய சாதத்தின் புளியோதரையாக இருக்கும். பசிக்கவில்லை, டயட் என்று சொல்வது கௌரவமாகவும் இருக்கிறது. எள்ளுருண்டை, கடலைமிட்டாய், பேரீச்சை கொடுத்தனுப்புங்கள், தேனில் ஊறியது இல்லாமல் சும்மா பெரிய நெல்லிக்காயும். ரூம்மேட்டுக்கும் சேர்த்துக் கொடுங்கள், அப்போதுதான் இவளும் தின்பாள்.

மதுரை பெரியம்மா:
அவள் குண்டு என்று முதலில் சொன்னது யார், அதைக் கண்டுபிடிங்கள். பெண் வயதுக்கு வந்ததும் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் வேண்டாம் வேண்டாம் என்றாலும் ஊட்டுவோம். அப்புறம் நாலைந்து வருடத்தில் அதே அத்தை, அதே சித்தி, கல்யாண மண்டபத்தில் கன்னத்தைக் கிள்ளி "என்னடி இப்படி ஊதிட்டே, மாப்பிள்ளை எப்படித் தேடுறது" என்பார்கள். பிள்ளை எதைத்தான் கேட்கும்? அது போக, எங்கள் வீட்டில் ரத்தம் ஊறும் என்று ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) வாங்கினால் என் தம்பி தட்டுக்குத்தான் போகும், மாதாமாதம் ரத்தம் போவது எனக்கு. பெண்கள் மிச்சத்தைச் சாப்பிட்டே பழகிய வீட்டில் அவள் பாதித் தட்டோடு எழுந்தால் யாருக்கும் உறைக்காது.

கீரைப் பிரியன்:
மாத்திரை எல்லாம் சூடு. தினமும் முருங்கைக்கீரை கொடுங்கள், தானாக ஏறிவிடும்.

வார்டு சிஸ்டர்:
கீரை நல்லதுதான் தம்பி, ஆனால் கீரையில் உள்ள இரும்பில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். இருப்பு தீர்ந்தவளுக்கு அது மட்டும் போதாது. டாக்டர் மாத்திரை எழுதினால் டீ, காபி, பாலோடு போடக் கூடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் தொடரச் சொல்வார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். இரும்பு ஏற ஏற அந்த அரிசி ஆசை பெரும்பாலும் தானாகப் போய்விடும். எல்லாம் சரியாகியும் சாப்பிடவே பயப்படுகிறாள், சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறாள் என்றால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள், அது வேறு வியாதி.

சேலத்து அக்கா:
பெரியம்மா, சொன்னது எங்கள் அத்தைதான், போன வருடம் ஒரு வளைகாப்பில். அம்மாவிடம் இதைச் சொன்னதும் வீட்டில் சண்டை. சனிக்கிழமை லேபுக்குக் கூட்டிப் போகிறேன், வரச் சம்மதித்துவிட்டாள். சிஸ்டர், வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

வார்டு சிஸ்டர்:
ஹீமோகுளோபினுக்குத் தேவையில்லை. நாலு இட்லி சாப்பிட வைத்தே கூட்டிப் போங்கள்.