40 கிலோஹெர்ட்ஸ் மீயொலித் துடிப்பு: நண்பகலில் எதிரொலி பாதியாகிறது

கேள்வி:
தொட்டியின் நீர்மட்டம் அளக்க இரண்டு 555 சில்லுகள் (நேரம் குறிக்கும் டைமர் ஐசி) வைத்திருக்கிறேன். ஒன்று 40 கிலோஹெர்ட்ஸ் அலையைத் தருகிறது. மற்றது அதன் 4ஆம் பின்னை (pin), அதாவது அலையை நிறுத்தும் ரீசெட்டை, இயக்கி அலையைத் துடிப்புகளாக வெட்டுகிறது. காலையில் எதிரொலி நன்றாக வருகிறது, வெயில் ஏறினால் பாதியாகிவிடுகிறது. மின்சாரம் 9 வோல்ட்தான், அசையவில்லை. ஏன்?

பதில்:
அலைவெண் நகர்கிறது. மின்னலையை ஒலியாக்கும் டிரான்ஸ்டியூசர் பிடிவாதக்காரன்; ஒத்ததிர்விலிருந்து, அதாவது தான் நன்றாக அதிரும் அலைவெண்ணிலிருந்து, 1 கிலோஹெர்ட்ஸ் விலகினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். 555-இன் அலைவெண்ணைத் தீர்மானிக்கும் மின்தேக்கி சாதாரண செராமிக்கா? சூட்டில் அதன் மதிப்பு மாறும். கழற்றிவிட்டு பாலிப்ரொப்பிலீன் போடுங்கள். என்னைக் கேட்டால், அலைவெண்ணை நிலையாக வைக்கும் படிகம் பொருத்திய மைக்ரோகன்ட்ரோலரே மேல். இந்த வேலைக்கு 555 மீது இத்தனை பாசம் ஏனோ!

கேட்டவர்:
செராமிக்தான். மாற்றுகிறேன். துடிப்பு 1 மில்லிநொடி நீளம், சரியா?

பதில்:
அதிகம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. நீங்கள் அனுப்பி முடிக்கும் முன்பே 17 செ.மீ. தொலைவிலிருந்து எதிரொலி திரும்பிவிடும். 8 சுழற்சிகள், 200 மைக்ரோநொடி, போதும். அதன் பிறகும் டிரான்ஸ்டியூசர் சற்று நேரம் அதிரும். அதுவரை ஏற்பியில் (எதிரொலியை வாங்கும் பகுதி) வரும் சைகையைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இன்னொருவர்:
வீச்சு போதவில்லையென்றால் 4049 சில்லின் இன்வெர்ட்டர்களால் (சைகையைத் தலைகீழாக்குபவை) டிரான்ஸ்டியூசரின் இரு முனைகளையும் எதிரெதிராக இயக்குங்கள். 9 வோல்ட்டிலேயே உச்சிக்கு உச்சி 18 வோல்ட் கிடைக்கும். ஆனால் துடிப்பு இல்லாத நேரத்தில் ஒரு முனை 9 வோல்ட்டிலும் மறுமுனை 0 வோல்ட்டிலும் நின்றுவிடும். அந்த மாறாத (DC) மின்னழுத்தம் டிரான்ஸ்டியூசர் மீது ஏறாதபடி தொடரில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும், டிரான்ஸ்டியூசருக்கு இணையாக 10 கிலோஓம் மின்தடையும் சேருங்கள்.