நீச்சல் தெரியாதவர்களை ரிஷிகேஷ் ராஃப்டிங்குக்கு அழைத்துப் போகலாமா?

நொய்யல்வாசி:
மார்ச்சில் எங்கள் அலுவலகத்திலிருந்து 12 பேர் ரிஷிகேஷ் போகிறோம். கங்கையில் மேலே மரைன் டிரைவ் என்ற இடத்தில் காற்றடைத்த ரப்பர் படகில் (ராஃப்ட்) ஏறி ரிஷிகேஷ் வரை, கிட்டத்தட்ட 25 கி.மீ. ஐந்து பேருக்கு நீச்சல் தெரியாது. பதிவு செய்து தருபவர், "லைஃப் ஜாக்கெட் தருவோம், பயமே வேண்டாம்" என்கிறார். ஏற்பாடு செய்பவன் நான். அந்த ஐந்து பேரை நினைத்தால் தூக்கம் வரவில்லை. என்ன செய்யலாம்?

கயாக் செல்வி:
ஏற்றாதீர்கள் தம்பி. ஜாக்கெட் போட்டால் மூழ்க மாட்டோம் என்பது குளத்துக்குச் சரி. ரேபிடில், அதாவது ஆறு பாறைகளுக்கு நடுவே சீறிப் பாயும் இடத்தில், வெள்ளையாக நுரைக்கும் தண்ணீரில் காற்று கலந்திருக்கும். அங்கே ஜாக்கெட் அதே அளவுக்குத் தூக்கிப் பிடிக்காது. சில விநாடி உள்ளே போய்விட்டுத்தான் மேலே வருவோம். தண்ணீருக்குள் முகம் போய்ப் பழகாதவர் அந்தச் சில விநாடியில் வாயைத் திறந்துவிடுவார். கங்கை பனி உருகி வருகிற ஆறு. விழுந்ததுமே அந்தக் குளிர் நம்மையறியாமல் மூச்சை உள்ளே இழுக்க வைக்கும். அப்புறம் பக்கத்தில் கிடைத்தவரைக் கட்டிப்பிடிப்பார். ஆபத்து இரண்டு பேருக்கு.

பொள்ளாச்சி ரவி:
அக்கா, இதில் எனக்கு உடன்பாடில்லை. நான் சின்ன வயதிலிருந்து கிணற்றில் குதித்து வளர்ந்தவன். முதல் தடவை ராஃப்டிலிருந்து விழுந்தபோது அந்தத் தைரியம்தான் என்னைக் கவிழ்த்தது. கரையோரம் முழங்கால் அளவு தண்ணீர் வந்ததும் எழுந்து நின்றேன். இடது கால் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. பின்னாலிருந்து வந்த ஓட்டம் என்னைக் குப்புற அமுக்கியது. விழுந்தவர்களைக் காப்பாற்றச் சின்னப் படகில் (கயாக்) கூடவே வந்த பாதுகாப்பு கயாக்காரர் ஜாக்கெட்டைப் பிடித்து ஓட்டத்துக்கு எதிராக இழுத்ததால்தான் கால் விடுபட்டது. என்னோடு விழுந்த நண்பனுக்கு நீச்சலே தெரியாது. கைடு சொல்லிக்கொடுத்தபடி மல்லாந்து, ஆறு போகிற பக்கம் காலை நீட்டி, கால்விரல் தண்ணீருக்கு மேலே தெரிகிற மாதிரி மிதந்து எனக்கு முன்னாலேயே படகேறிவிட்டான். சொன்ன பேச்சைக் கேட்பவரா என்று பாருங்கள். நீச்சல் தெரியுமா என்பது அடுத்த கேள்வி.

கயாக் செல்வி:
உங்கள் கால் மாட்டியது படிக்கவே நடுங்குகிறது. ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்கக்கூடாது என்பதை நீச்சல்காரர்களுக்குத்தான் பத்து தடவை சொல்ல வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மல்லாந்து மிதப்பது பாதி வேலைதான் ரவி. எதிரே மரம் விழுந்து கிடக்கிறது, தண்ணீர் அதன் கிளைகளுக்குள் புகுந்து போகிறது என்று வையுங்கள். அப்போது குப்புறப் புரண்டு முழு வேகத்தில் கரைப்பக்கம் நீந்தியாக வேண்டும். உங்கள் நண்பரால் அது முடியுமா?

டேராடூன் குமார்:
இடையில் ஒரு தகவல். ஆற்றில் எங்கே ஏறுகிறோம் என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். பிரம்மபுரியிலிருந்து வந்தால் 9 கி.மீ., லேசான ரேபிடுகள். சிவபுரியிலிருந்து 16 கி.மீ., ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் என்ற ரேபிடுகள் இரண்டும் அதில் வரும். மரைன் டிரைவில் ஏறினால் அவற்றுக்கு முன்பே த்ரீ பிளைண்ட் மைஸ் என்ற ரேபிடும் வரும். முதல் தடவை வருகிற அலுவலகக் கூட்டத்துக்கு அது எதற்கு?

நொய்யல்வாசி:
நன்றி குமார் அண்ணா. அப்படியானால் ஐந்து பேரைப் பிரம்மபுரியிலும் ஏழு பேரைச் சிவபுரியிலும் ஏற்றிவிடலாமா?

பொள்ளாச்சி ரவி:
இப்படிப் பிரிப்பதைத்தான் தவறு என்கிறேன். ஏழு பேர் என்னைப் போலவே நம்பிக்கையோடு போய் எழுந்து நிற்பார்கள். எல்லோரையும் ஒன்றாகப் பிரம்மபுரிக்குக் கூட்டிப் போங்கள். ஏறுமுன் ஒவ்வொருவர் ஜாக்கெட்டையும் தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் வாரை இறுக்குங்கள், இல்லை வேறு அளவு கேளுங்கள். ஹெல்மெட் தலையில் ஆடக்கூடாது. துடுப்பின் மேல்முனையில் உள்ள டி வடிவப் பிடியை விட்டால் அது பக்கத்தில் இருப்பவர் பல்லைப் பெயர்க்கும். கயிறு வீசினால் கயிற்றைப் பிடிக்க வேண்டும், கையில் சுற்றக்கூடாது. இதையெல்லாம் கைடு இந்தியில் இரண்டு நிமிடத்தில் ஒப்பித்தால் நம் ஆட்களுக்குப் புரியாது. நீங்கள் தமிழில் திரும்பச் சொல்லுங்கள். பிறகு அமைதியான இடத்தில் 12 பேரும் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கட்டும். யார் பதறுகிறார்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கயாக் செல்வி:
பதறுகிறார் என்று கங்கை நடுவில் தெரிந்து என்ன பயன்? திரும்பிப் போக அங்கே வழியில்லை. தம்பி, இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. ஊரிலேயே நீச்சல் குளத்தில் இறக்குங்கள். ஜாக்கெட்டோடு மல்லாந்து மிதக்கட்டும், முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சு விடட்டும், குளத்தின் அகலத்தையாவது கடக்கட்டும். முடியாதவர் கரையில் இருக்கலாம். பாதுகாப்பு கயாக் கூட வராத படகில் யாரையுமே ஏற்ற வேண்டாம்.

பொள்ளாச்சி ரவி:
குளத்துப் பயிற்சி சரி. ஏழு பேரையும் சேர்த்து இறக்குங்கள். அகலத்தைக் கடக்க முடியாதவரை வரவே வேண்டாம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது அக்கா.

நொய்யல்வாசி:
மரைன் டிரைவை விட்டுவிட்டோம். எல்லோருக்கும் பிரம்மபுரிதான். ஞாயிறு காலை 12 பேரையும் குளத்துக்கு வரச் சொல்லிவிட்டேன். ஐந்து பேரில் ஒருவர், "என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறாயா?" என்று கோபித்துக்கொண்டார், ஆனால் வருகிறார். கோவையில் ஆற்றுக்கான ஜாக்கெட் இரண்டு நாளைக்கு யாராவது இரவல் தர முடியுமா?