தெருவை விடத் தாழ்ந்த அறை: மேல்மாடி பாரம் தாங்கும் சுவரில் ஜன்னல் வைக்கலாமா?

சந்து வீடு, பழைய வண்ணாரப்பேட்டை

தாத்தா கட்டிய வீடு. ரோடு மேல் ரோடாகப் போட்டுப் போட்டு எங்கள் தெரு ஏறிக்கொண்டே போய், முன் அறை இப்போது தெருவை விட இரண்டரை அடி பள்ளத்தில் இருக்கிறது. மூன்று படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டார், ஆனால் எங்கள் பக்கம் அதற்குள் ஏறவேண்டிய உயரமெல்லாம் ஏறிவிட்டது.

அந்த அறையில்தான் அப்பா படுக்கிறார். 74 வயது, மாடி ஏற முடியாது. வாசல் கதவைச் சாத்தினால் காற்றே கிடையாது. சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறியிருக்கிறது, காலையில் பீரோவுக்குப் பின்னால் கை விட்டால் விரலில் ஈரம் ஒட்டும். ராத்திரி முழுக்க இருமல்.

சந்துப் பக்கச் சுவரில் 5 அடி அகலத்துக்கு ஒரு ஜன்னல் வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். சுவர் 14 இன்ச், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். மேலே மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரங்கள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட தளம்), அதற்கு மேல் மாடியில் சித்தப்பா குடும்பம் இருக்கிறது. மேஸ்திரி வந்து பார்த்தார், "ரெண்டு நாள் வேலை தம்பி, உடைச்சு ஃபிரேமை நிறுத்தி மேலே ஒரு ஸ்லாப் போட்டுடலாம்" என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. இப்படிச் செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை 81

தம்பி, ரெண்டு நாள் என்று சொல்கிற ஆளிடம் கொடுக்காதே. நான் கொடுத்தேன், அதனால் சொல்கிறேன்.

எங்கள் வீடும் இதே மாதிரி சுண்ணாம்புச் சுவர்தான். முட்டு எதுவும் கொடுக்காமல் காலையில் உடைக்க ஆரம்பித்தார்கள், மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகும்போது 4 அடிக்கு வாய் பிளந்து நின்றது சுவர். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். உத்திரக் கட்டை சுவருக்குள் போகிற இடத்திலிருந்து சுண்ணாம்புத் தூள் மாவு சலிக்கிற மாதிரி மெதுவாகக் கொட்டிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் மாடியில் என் மனைவி படுக்கை அறைக் கதவைச் சாத்தப் போனால் நிலையில் இடித்தது, மூட முடியவில்லை. மறுநாள் தரையில் முடி கனத்துக்கு விரிசல். ராத்திரியோடு ராத்திரியாகச் சவுக்குக் கட்டைகள் வாங்கி வந்து முட்டு கொடுத்து நிறுத்தினோம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை, ஆனால் அந்த ராத்திரி வீட்டில் ஒருத்தரும் தூங்கவில்லை.

முதலில் ஒரு விஷயம் பார். உத்திரக் கட்டைகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன? முனை சந்துச் சுவரில் உட்கார்ந்திருந்தால் மாடித் தரையின் பாரம் நேராக அந்தச் சுவர் மேல்தான். சுவருக்கு இணையாக ஓடினால் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அப்போதும் மாடிச் சுவர் அதன் மேலேதானே நிற்கிறது.

பெரம்பூர் கட்டட இன்ஜினியர்

அண்ணன் சொன்னது சரி. தாராளமாக ஜன்னல் வைக்கலாம், ஆனால் 5 அடி வேண்டாம், 3 அடி போதும். காரணம் சொல்கிறேன்.

திறப்புக்கு மேலே இருக்கும் செங்கல் முழுக்க லிண்டல் மேல், அதாவது மேல் சுவரைத் தாங்க ஜன்னல் தலைக்கு மேலே குறுக்கே போடும் கட்டை மேல், இறங்குவதில்லை. திறப்பின் அகலத்தை அடியாக வைத்து ஒரு சமபக்க முக்கோணம் போட்டுப் பாருங்கள், அதற்குள் இருக்கிற சுவரின் எடைதான் லிண்டலுக்கு, மற்றது இரண்டு பக்கமும் பிரிந்து இறங்கிவிடும், பக்கத்தில் போதுமான சுவர் இருந்தால். 3 அடி அகலத்துக்கு அந்த முக்கோணம் ஏறக்குறைய 2.6 அடி உயரம், 5 அடிக்கு 4.3 அடி. ஜன்னல் தலைக்கும் உத்திரத்துக்கும் நடுவில் எவ்வளவு சுவர் இருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள். உத்திர முனை முக்கோணத்துக்குள் விழுந்தால் அந்தப் பாரத்தையும் லிண்டலே சுமக்க வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவரில் இதை மட்டும் நம்பி லிண்டலை மெல்லிசாகப் போடக்கூடாது, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

வேலை வரிசைதான் இதில் உயிர். லிண்டல் முதலில், உடைப்பது அப்புறம். உள்ளே சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி உத்திரங்களுக்குக் கீழே ஒரு சட்டம் கொடுத்து இரும்பு ஜாக்கி முட்டு நிறுத்துங்கள், முட்டின் காலடியிலும் பலகை வேண்டும், இல்லையென்றால் தரை அமுங்கும். இந்த முட்டு தரையின் பாரத்தைத்தான் தாங்கும், மாடிச் சுவரைத் தாங்காது. அதனால்தான் சுவரைப் பாதிப் பாதியாக வெட்டச் சொல்வது. 14 இன்ச் சுவரில் வெளிப்பக்கம் இருந்து பாதி ஆழத்துக்கு லிண்டல் நுழையும் அளவு மட்டும் காடி வெட்டி, முன்பே வார்த்துக் காயவைத்த கம்பி கட்டிய கான்கிரீட் லிண்டலை நுழைக்க வேண்டும். இரண்டு பக்கமும் 9 இன்ச் சுவரில் உட்கார வேண்டும், ஆக 3 அடி ஜன்னலுக்கு நாலரை அடி லிண்டல். 6 இன்ச்சுக்கு 6 இன்ச் என்றால் 70, 80 கிலோ வரும், இரண்டு பேர் தூக்கிவிடலாம். அதற்கு மேலே உள்ள இடைவெளியில் தண்ணீர் குறைவான கலவையை இறுக்கமாகக் குத்தி அடைக்க வேண்டும். அதில் பொந்து இருந்தால் மேல் சுவர் இறங்கித்தான் உட்காரும், அங்கேதான் விரிசல் ஆரம்பிக்கும். ஒரு வாரம் விட்டு உள்பக்கப் பாதி. அதுவும் இறுகிய பிறகு கீழே உடையுங்கள், கட்டிங் மெஷின் வைத்து, பிரேக்கர் மெஷினைக் கிட்டேயே விடாதீர்கள். அந்த அதிர்வைச் சுண்ணாம்புக் காரை தாங்காது. இரும்பு சேனலும் போடலாம், ஆனால் அங்கே கடல் காற்று, துரு பிடிக்கும்.

அறை மூலையிலிருந்து குறைந்தது 2 அடி தள்ளி வையுங்கள். சுவரை நேரில் பார்க்காமல் நான் சொல்வது இவ்வளவுதான், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட வரைபடத்தோடு மண்டல அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். சித்தப்பாவிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள், அவர் வீடும் அந்தச் சுவர் மேல்தான் இருக்கிறது.

ராயபுரம் அக்கா

தம்பி, ஜன்னல் வைத்தால் காற்று வரும், ஓதம் போகாது. சிமென்ட் பூச்சு பூசியிருக்கிறீர்களா? நாங்கள் பூசினோம், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் ஒரு அடி மேலே ஏறியது. அதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு பூசிய பிறகுதான் சுவர் மூச்சு விட்டது. அப்புறம், ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் இருந்தால் காற்று உள்ளே வந்து நின்றுவிடும், முற்றத்துப் பக்கம் உயரத்தில் ஒரு வெண்டிலேட்டர் கட்டாயம் வையுங்கள்.

ஜன்னல் அடிமட்டத்தை அறைக்குள் நின்று பார்த்து முடிவு பண்ணாதீர்கள், சந்தில் நின்று பாருங்கள். 2015-லும், 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் நின்ற கோடு வெளிச்சுவரில் இருக்கும், அதற்கு மேலே ஒரு அடியாவது விடுங்கள். கதவு சந்துப் பக்கம் திறக்கிற மாதிரி வேண்டாம், போகிறவர் வருகிறவர் தலையில் இடிக்கும். ஐப்பசி கார்த்திகையில் சுவரைத் திறந்து போட்டுவிடாதீர்கள், தை பிறந்ததும் ஆரம்பித்தால் மழைத் தொந்தரவு இல்லை.

சந்து வீடு, பழைய வண்ணாரப்பேட்டை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று டேப் வைத்து அளந்தேன். அறைத் தரையிலிருந்து உத்திரம் 11 அடி. வெளியே 2023 தண்ணீர்க் கோடு சந்துத் தரையிலிருந்து முக்கால் அடியில் இருக்கிறது, அதனால் அடிமட்டத்தை அறைக்குள் நாலரை அடியில் வைத்தால் சந்திலிருந்து 2 அடி வரும். 3 அடி உயர ஜன்னல் என்றால் மேலே மூன்றரை அடி சுவர் மிச்சம் இருக்கிறது. உத்திர முனைகள் சந்துச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கின்றன, மொத்தம் ஒன்பது. 5 அடி ஆசையை விட்டுவிட்டேன். அக்கா, பூச்சு சிமென்ட்தான், பத்து வருஷம் முன்னால் பூசியது.

மாடியில் சித்தப்பா அறையில் ஏற்கெனவே ஒரு பழைய விரிசல் இருக்கிறது, அதன் மேல் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொட்டு மூன்று இடத்தில் வைத்துப் பக்கத்தில் தேதி எழுதியிருக்கிறேன், வேலை நடக்கும்போது பொட்டு உடைந்தால் உடனே நிறுத்தச் சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியர் வருகிறார். அப்பா கட்டிலை எதிர்ச் சுவர்ப் பக்கம் தள்ளிப் போட்டாகிவிட்டது, முட்டு நிறுத்த இடம் வேண்டுமே.