புதுப்பிப்பு: குரோமியமும் பாசியும், ஒரு திருத்தம்

தோல் ஆலைக் கழிவுநீரில் இருக்கும் குரோமியத்தைப் பிடிக்கப் பாசியை உயிரோடு வளர்க்க வேண்டும் என்று இந்த இழையில் முன்பு எழுதியிருந்தேன். அது தப்பு. காயவைத்துப் பொடித்த சர்காசமே போதும். மன்னார் வளைகுடாக் கரையில் ஒதுங்குமே, அந்தப் பழுப்புப் பாசிதான். அதன் செல்சுவரில் உள்ள ஆல்ஜினேட் என்ற பிசின் போன்ற பொருள் உலோக அயனிகளைக் கவ்விக்கொள்கிறது. செத்த பாசிக்கு நஞ்சைப் பற்றிய கவலையும் கிடையாது!

அப்புறம், கழிவுநீரின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். அது குரோமியத்தின் வடிவத்தைப் பொறுத்தது. மூன்று இணைதிறன் குரோமியத்துக்கு 4–5 சரி. ஆறு இணைதிறன் குரோமியம் எதிர்மின் அயனியாக இருப்பதால், அது பாசியில் ஒட்ட நீரை பிஎச் 2 வரை அமிலமாக்க வேண்டும். அப்போது பாசியே அதை மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்றியும் விடும்.

குரோமியம் ஏறிய பாசியை என்ன செய்வது என்பதுதான் இன்னும் இடிக்கிறது. குரோமியத்தைப் பிரிக்க அமிலத்தில் கழுவினால், அந்த அமிலமும் கழிவுதானே?