.308 ரைஃபிளில் மானுக்கு 150 கிரெயினா, 180 கிரெயினா? 180 போட்டால் குரூப் சிதறுகிறது

கேள்வி:
வணக்கம். ரைஃபிள் .308 வின்செஸ்டர், போல்ட் ஆக்‌ஷன், 22 அங்குல பேரல், ட்விஸ்ட் (பேரலின் உள்வரிகள் குண்டைச் சுழற்றும் அளவு) 1:12. உரிமமும் சீசன் அனுமதியும் உண்டு. மான் 60 முதல் 80 கிலோ வரை, தூரம் 200 மீட்டருக்குள். இதுவரை போட்டது 150 கிரெயின் (குண்டின் எடை அலகு) ஈயக் குண்டு. 100 மீட்டரில் மூன்று குண்டும் 3 செ.மீ.க்குள் விழும். இன்னும் ஆழமாக இறங்கட்டும் என்று 180 கிரெயின் முழுச் செம்புத் தோட்டாவுக்கு மாறினேன். குரூப் (குண்டுகள் விழும் பரப்பின் அகலம்) 9 செ.மீ. ஆகிவிட்டது, 4 செ.மீ. கீழேயும் விழுகிறது. ஸ்கோப் மவுன்ட் திருகுகள் இறுக்கமாகவே இருக்கின்றன. எடை கூடினால் இப்படித்தானா?

பதில் 1:
இரண்டு விவரம் வேண்டும். குண்டின் முனையில் பிளாஸ்டிக் இருக்கிறதா? காகிதத்தில் ஓட்டைகள் வட்டமா, கொஞ்சம் நீள்வட்டமா?

கேட்டவர்:
பிளாஸ்டிக் முனைதான். ஐந்தில் இரண்டு ஓட்டைகள் லேசாக நீண்டிருக்கின்றன.

பதில் 1:
அப்படியானால் காரணம் ட்விஸ்ட். குண்டு நிலையாகச் சுழலாமல் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே போய் விழுகிறது.

ட்விஸ்ட் போதுமா என்பதை முக்கியமாக முடிவு செய்வது குண்டின் நீளம், எடை அல்ல. ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைந்தது. அதனால் ஒரே 180 கிரெயினைச் செம்பில் செய்தால் குண்டு நீண்டுவிடும். பிளாஸ்டிக் முனையும் சேர்ந்தால் நீளம் ஒன்றரை அங்குலத்தை நெருங்கும். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றும் பேரலுக்கு அது எல்லைக்கோடு. கடுங்குளிரில் காற்றின் அடர்த்தி கூடுவதால் இன்னும் மோசமாகும். அடிப்பக்கம் தட்டையான 180 கிரெயின் ஈயக் குண்டு இதே பேரலில் ஒழுங்காகப் போகும், ஏனென்றால் அது குட்டை. 1:10 பேரலாக இருந்தால் இந்தச் செம்புக் குண்டே சரியாகப் போயிருக்கும்.

கீழே விழுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். கனமான குண்டு மெதுவாகப் போகும், பேரலின் அதிர்வும் மாறும். எந்தத் தோட்டா மாற்றினாலும் ஜீரோ (ஸ்கோப் குறியும் குண்டு விழும் இடமும் ஒன்றுசேரும்படி வைப்பது) புதிதாகத்தான் வைக்க வேண்டும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. கூடவே ஒன்று: பழைய குண்டின் உறைப்படிவு பேரலில் இருக்கும்போதே செம்புக்கு மாறினால் குரூப் விரியும். செம்பு கரைப்பான் ஊற்றி, துணியில் நீலம் வருவது நிற்கும் வரை துடையுங்கள். பிறகு மூன்று நான்கு குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிட்டு, பேரல் ஆறியதும் குரூப் பாருங்கள். நீளமான ஓட்டை மட்டும் இதனால் சரியாகாது, அது ட்விஸ்ட் வேலை.

பேரலில் பொறித்திருப்பதை நம்பாமல் அளந்தும் பார்க்கலாம். ரைஃபிள் காலி என்று உறுதி செய்துகொண்டு, சுழலும் கைப்பிடியுள்ள துடைப்புக் கம்பியில் இறுக்கமான துணி மாட்டி உள்ளே தள்ளுங்கள். கம்பியில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு ஒரு முழுச் சுற்று வர எத்தனை அங்குலம் நகர்கிறது என்று பாருங்கள். அதுதான் ட்விஸ்ட்.

கேட்டவர்:
சரி, அப்படியானால் மானுக்கு எதை எடுப்பது? 150-க்கே திரும்பிவிடட்டுமா?

பதில் 3:
200 மீட்டருக்குள் 60-80 கிலோ மானுக்கு 180 தேவையே இல்லை. 150-உம் 165-உம் இரண்டுமே போதும். ஒன்றைச் சொல் என்றால் 165 சொல்வேன். சாதாரண ஈயக் குண்டில் 150, பேரலை விட்டுக் கிளம்பும்போது நொடிக்கு 860 மீட்டர் அளவில் போகும். 50 மீட்டரில் தோள் எலும்பில் பட்டால் அந்த வேகத்துக்குக் குண்டு உடைந்து சிதறலாம், இறைச்சியும் வீணாகும். 165 கொஞ்சம் மெதுவாகப் போகும், குறுக்கு அடர்த்தி (குண்டின் பருமனுக்கு எத்தனை எடை என்ற கணக்கு) 0.226-இலிருந்து 0.248 ஆகும், ஆழமும் கூடும். 200 மீட்டரில் இரண்டுக்கும் தாழ்வு வித்தியாசம் ஓரிரு சென்டிமீட்டர்தான்.

செம்புதான் வேண்டும் என்றால் (ஈயத்துக்குத் தடை உள்ள இடங்களில் வேறு வழியும் கிடையாது) எடையைக் குறையுங்கள்: 130 அல்லது 150. செம்புக் குண்டு உடையாமல் ஏறக்குறைய முழு எடையோடு உள்ளே போவதால் ஆழம் குறையாது. அது விரிவதற்கு வேகம் வேண்டும்; நொடிக்கு 600 மீட்டருக்குக் கீழே பல வகைகள் சரியாக விரியாமல் ஊசி போல ஊடுருவிப் போய்விடும். இலேசான குண்டு அந்த வேகத்தைக் கூடுதல் தூரம் தாங்கும்.

168 கிரெயின் மேட்ச் (போட்டிச் சுடுதலுக்கான) குண்டை மட்டும் எடுக்காதீர்கள். காகிதத்தில் ஒரே ஓட்டையாக விழும். ஆனால் மானுக்குள் எப்படி விரியும் என்று சொல்ல முடியாது. அதை வேட்டைக்காகச் செய்யவில்லை.

பதில் 4:
இடையில் ஒரு சந்தேகம். .243 அளவுத் தோட்டாவுக்கும் இதே கணக்குதானா? .30-30 லீவர் ரைஃபிளுக்கு?

பதில் 3:
.243-இல் மானுக்கு 90 முதல் 100 கிரெயின். 55, 58 எல்லாம் சிறு விலங்குக்கான குண்டுகள், தோளிலேயே வெடித்துவிடும். .30-30-இல் 150 அல்லது 170, இரண்டில் எது நன்றாகக் குரூப் தருகிறதோ அது. குழாய் மேகசின் என்றால் தட்டை முனை அல்லது மென்மையான ரப்பர் போன்ற முனை மட்டும்தான். கடினமான கூர்முனை முன்னாலிருக்கும் தோட்டாவின் பிரைமரில் (அடியில் தட்டினால் பற்றும் மருந்து) முட்டிக்கொண்டே நிற்கும். உதைப்பில் அது வெடித்தால் கை போய்விடும்.

கேட்டவர்:
பேரலைச் சுத்தம் செய்து 165 கிரெயின் ஈயக் குண்டு போட்டேன். ஓட்டைகள் வட்டம், குரூப் 3 செ.மீ. சொச்சம். ஜீரோ 100-இலா 200-இலா வைப்பது?

பதில் 1:
100 மீட்டரில் 4 செ.மீ. மேலே விழும்படி வையுங்கள். 200 மீட்டரில் 4, 5 செ.மீ. தாழும், அவ்வளவுதான். இடையில் எந்தத் தூரத்திலும் நெஞ்சுக்கூட்டின் நடுவில் குறி வைத்தால் போதும். ஸ்கோப் உயரத்தையும் உங்கள் தோட்டாவின் வேகத்தையும் பொறுத்து இது கொஞ்சம் மாறும், ஆகவே 200-இல் ஒரு குரூப் சுட்டுச் சரிபார்த்துவிடுங்கள். முதல் குண்டைக் குளிர்ந்த பேரலிலிருந்து சுடுங்கள், மான் முன்னால் பேரல் சூடாக இருக்காது.