லேசரை ஏற்றினால் இரைச்சலும் ஏறுகிறது – என் நிரலில் பிழையா?

தூக்கம்_தொலைத்தவன்
வணக்கம். எம்.எஸ்சி. இயற்பியல் ப்ராஜெக்ட். லைகோ மாதிரி 4 கிலோமீட்டர் கைகள் கொண்ட ஈர்ப்பு அலை உணர்கருவியின் குவாண்டம் இரைச்சலை பைத்தானில் கணக்கிட்டு வரைகிறேன். உள்ளே விடும் லேசரை 25 வாட்டிலிருந்து 250 வாட்டுக்கு ஏற்றினேன். 1000 ஹெர்ட்ஸில் இரைச்சல் 3.16 மடங்கு குறைந்தது, சரி. ஆனால் 10 ஹெர்ட்ஸில் அதே 3.16 மடங்கு கூடிவிட்டது! வெளிச்சம் கூடினால் எல்லா இடத்திலும் நன்றாகத்தானே தெரிய வேண்டும்? பெருக்க வேண்டிய இடத்தில் எங்கோ வகுத்துவிட்டேன் போல. இரண்டு நாளாகத் தேடுகிறேன். வெள்ளிக்கிழமை வழிகாட்டியிடம் காட்ட வேண்டும்.

ஒளிக்கற்றை
நிரல் சொல்வது சரிதான். 3.16 என்பது 10-இன் வர்க்கமூலம், கவனித்தீர்களா? ஓரிடத்தில் அதே அளவு இறங்கி இன்னோரிடத்தில் அதே அளவு ஏறினால், அது பிழையாக இருக்க வாய்ப்பு குறைவு.

தகரக் கூரையில் மழை பெய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒளித்துகள்களும் அப்படித்தான், ஒரே சீராக விழாது. துளிகள் அதிகமானால் எண்ணிக்கையின் ஏற்ற இறக்கம், மொத்தத்தோடு ஒப்பிட, குறையும். உங்கள் 1000 ஹெர்ட்ஸ் லாபம் அதுதான், ஷாட் இரைச்சல். ஆனால் ஒவ்வொரு துளியும் கூரையைத் தட்டவும் செய்கிறதே! ஒளி அதிகமானால் அந்தத் தட்டலின் ஏற்ற இறக்கமும் அதிகம். ஒளி பட்டுத் திரும்பும் ஆடி (கண்ணாடி) ஊசல் மாதிரி தொங்குகிறது. வேகமாகத் தட்டினால் அசைய நேரமிருக்காது, மெதுவாகத் தள்ளினால் நன்றாகவே நகரும். அதனால் இந்தக் கதிர்வீச்சு அழுத்த இரைச்சல் அதிர்வெண்ணின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இறங்கும், தாழ்ந்த அதிர்வெண்ணில்தான் தலைதூக்கும்.

அது சரி, ஆடியின் நிறை எவ்வளவு கொடுத்தீர்கள்? உங்கள் கோடு எனக்குக் கொஞ்சம் உயரமாகவே தெரிகிறது.

தூக்கம்_தொலைத்தவன்
10.7 கிலோ. ஒரு கட்டுரையில் பார்த்து எடுத்தேன்.

ஒளிக்கற்றை
அது முதல் தலைமுறை லைகோவின் ஆடி. 2015 செப்டம்பர் 14 அன்று முதல் அலையைப் பிடித்த கருவியில் ஏற்கெனவே 40 கிலோ ஆடிகள்தான், 34 சென்டிமீட்டர் விட்டம், மெல்லிய சிலிக்கா இழைகளில் தொங்குபவை. கனமாக்கியதற்கு ஒரு முக்கியக் காரணமே நீங்கள் மாட்டிக்கொண்ட இந்தத் தட்டல்தான்.

தூக்கம்_தொலைத்தவன்
40 போட்டேன். 10 ஹெர்ட்ஸில் 3.7 மடங்கு இறங்கிவிட்டது! நன்றி அண்ணா. அப்புறம் ஆர்வத்தில் 6 டெசிபல் 'ஸ்க்வீஸ்டு லைட்' (குவாண்டம் நிச்சயமின்மையை ஒரு பக்கம் பிழிந்த ஒளி) சேர்த்துப் பார்த்தேன். உயர்ந்த அதிர்வெண்ணில் இரைச்சல் பாதியானது, தாழ்ந்ததில் இரட்டிப்பானது. மறுபடியும் அதே கதை.

ஒளிக்கற்றை
அதே கதைதான். பலூனின் ஒரு பக்கத்தை அமுக்கினால் மறுபக்கம் புடைக்கும். ஒளியின் கட்டத்தில் (phase, அலை தன் சுழற்சியில் எங்கே இருக்கிறது என்பது) உள்ள நிச்சயமின்மையைப் பிழிந்தால் அது வீச்சுக்கு (அலையின் உயரம்) போய், வீச்சு ஆடியைத் தட்டும். பிழியும் கோணத்தை அதிர்வெண்ணுக்கு ஏற்பத் திருப்புவதுதான் வழி: கீழே வீச்சைப் பிழி, மேலே கட்டத்தைப் பிழி. லைகோ 2019-இல் தொடங்கிய மூன்றாவது கண்காணிப்பு ஓட்டத்தில் ஒரே கோணத்தில் பிழிந்தது. 2023 மே மாதம் தொடங்கிய நான்காவது ஓட்டத்துக்கு 300 மீட்டர் நீள வடிகட்டிக் குழி (filter cavity, ஆடிகளுக்கிடையே ஒளி ஓடும் வெளி) ஒன்றைக் கட்டிச் சேர்த்தார்கள், கோணத்தைத் திருப்பும் வேலை அதனுடையது. உங்கள் நிரலில் அந்தச் சுழற்சியைச் சேர்த்தால் இரு பக்கமும் இறங்கும்.

கழுகுக்கண்
250 வாட் என்று சும்மா எழுதிவிட்டீர்கள், ஆடியைக் கேட்டுப் பாருங்கள் :) கைகளுக்குள் ஒளி முன்னும் பின்னும் ஓடிப் பெருகிக் கிலோவாட் கணக்கில் நிற்கும். லைகோவின் வடிவமைப்பில் எழுதியது 750 கிலோவாட், நான்காவது ஓட்டத்தில் எட்டியது ஏறக்குறைய பாதி. பூச்சில் எங்கோ ஒரு நுண்ணிய புள்ளி கொஞ்சம் வெப்பத்தை உறிஞ்சினாலும் ஆடியின் வளைவே மாறிவிடும்.

இன்னொன்று. கருவிக்குள் குவாண்டம் மட்டும் இல்லை. அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் உள்ள லைகோ கருவியில் ஒருமுறை காரணம் தெரியாத இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. தேடிப் போனால் அண்டங்காக்கைகள்! திரவ நைட்ரஜன் அமைப்பின் வெளிக்குழாயில் உறைந்திருந்த பனிக்கட்டியைக் கொத்திக்கொண்டிருந்தன. பாலைவன வெயிலில் தாகம், பாவம். பனியில் அலகுத் தடம் இருந்தது, மைக்கில் கொத்தும் சத்தமும் பதிவாகியிருந்தது. எந்தச் சமன்பாட்டிலும் வராத இரைச்சல் இது.

புதியவன்_22
இவ்வளவு கஷ்டம் எதற்கு, கையை நீளமாகக் கட்டினால் போதாதா?

கழுகுக்கண்
அதற்கும் திட்டம் இருக்கிறது, அமெரிக்காவில் 40 கிலோமீட்டர், ஐரோப்பாவில் நிலத்தடியில் 10 கிலோமீட்டர். காசும் இடமும்தான் கேள்வி. இருக்கிற கருவியிலேயே உணர்திறனை இரட்டித்தால் எட்டும் தூரம் இரட்டிக்கும், தேடும் கன அளவு 8 மடங்காகும். அதனால்தான் ஒவ்வொரு டெசிபலுக்கும் இந்தப் பாடு.

தூக்கம்_தொலைத்தவன்
கோணச் சுழற்சி வேலை செய்கிறது, இரண்டு பக்கமும் இறங்கிவிட்டது. வரைபடத்தை 1 ஹெர்ட்ஸ் வரை நீட்டிக் காட்டட்டுமா? பார்க்க அழகாக இருக்கிறது.

ஒளிக்கற்றை
வேண்டாம் தம்பி. 10-க்குக் கீழே நிலத்தின் அதிர்வு சுவர் மாதிரி நிற்கும், நீங்கள் அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. வழிகாட்டி முதல் கேள்வியே அங்கேதான் கேட்பார். 10-இல் நிறுத்திவிட்டுத் தூங்கப் போங்கள்.