கேளிக்கை விடுதிகளை நேரடியாகத் தடை செய்யாமல் தூரக் கணக்கு போடுவது ஏன்?

தெருவிளக்கு:
ஆடை அவிழ்ப்பு நடன விடுதிகள், வயது வந்தோருக்கான பட அரங்குகள் இதற்கெல்லாம் நகரங்கள் போடும் விதிகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பள்ளியிலிருந்து இத்தனை அடி, சர்ச்சிலிருந்து இத்தனை அடி என்றே பல இடங்களில் இருக்கிறது. வேண்டாம் என்றால் மூடச் சொல்லிவிடலாமே, எதற்கு இந்தச் சுற்றுவழி? தள்ளி வைத்தால் யாருக்கு என்ன நன்மை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கறுப்புக் கோட்டு:
அமெரிக்காவில் காரணம் அரசியல் சாசனம். நிர்வாண நடனத்துக்கும் கருத்துரிமைப் பாதுகாப்பு ஓரளவு உண்டு என்று நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டதால், பிடிக்கவில்லை என்று சொல்லி ஒரு நகரம் மூட முடியாது. நியூ ஜெர்சியில் மவுண்ட் எஃப்ரைம் என்ற சின்ன ஊர் மேடைக் கேளிக்கை எதுவுமே கூடாது என்றது, 1981இல் அங்கே நிர்வாண நடனம் நடத்தியவர்களுக்கு விதித்த தண்டனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் எங்கே நடத்தலாம் என்று நகரம் சொல்லலாம். டெட்ராய்ட்டில் இப்படிப்பட்ட தொழில்கள் ஏற்கெனவே இரண்டு 1000 அடிக்குள் இருந்தால் மூன்றாவது வரக்கூடாது என்ற விதி, 1976இல் செல்லும் என்றானது.

அப்புறம் 1986இல், சியாட்டிலுக்குப் பக்கத்து ஊரான ரென்டனின் வழக்கு. வீடு, பள்ளி, பூங்கா, சர்ச் எதற்கும் 1000 அடிக்குள் வயது வந்தோர் பட அரங்கு கூடாது என்பது அந்த ஊரின் விதி. படத்தில் என்ன காட்டுகிறார்கள் என்பது பிரச்சினை இல்லை, அக்கம்பக்கத்தில் குற்றம் கூடும், சொத்து மதிப்பு விழும், அதைத்தான் தடுக்கிறோம் என்பது நகரத்தின் வாதம். ரென்டன் தனியாக ஆய்வு எதுவும் நடத்தவில்லை, பக்கத்து சியாட்டிலின் அனுபவத்தைக் காட்டியது, நீதிமன்றம் அது போதும் என்றுவிட்டது. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. ஊரில் 520 ஏக்கர் மிச்சம் இருக்கிறதே என்றார்கள், அதில் நிஜமாகவே வாடகைக்கு இடம் கிடைக்குமா என்பது தொழில் நடத்துபவர் பாடு.

பழைய வரைபடம்:
எல்லா ஊரும் பரப்பி வைக்கவில்லை. பாஸ்டன் 1974இல் நேர்மாறாக எல்லாவற்றையும் ஒரே வட்டாரத்தில் குவித்தது. இடத்தைவிட உரிமத்தில்தான் அதிக விளையாட்டு நடக்கிறது என்பேன். விண்ணப்பத்தை மறுக்கவே வேண்டாம், பரிசீலனையில் இருக்கிறது என்று கிடப்பில் போட்டாலே போதும், வாடகை கட்டியே ஆள் ஓடிவிடுவார். டல்லஸ் வழக்கில் 1990இல் இதற்குத்தான் கடிவாளம் போட்டார்கள், முடிவு சொல்லக் காலக்கெடு இல்லாத உரிம முறை செல்லாது என்று.

சாயங்காலம்:
மும்பை நடன பார்கள் விஷயத்தையும் சேர்த்துப் பாருங்கள், அங்கே செய்தது மாநில அரசு. 2005இல் தடை போட்டார்கள், 2013இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது, 2016இல் புதுச் சட்டம் வந்தது. பள்ளி, வழிபாட்டுத் தலங்களிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டுமாம். மும்பை மாதிரி நெருக்கமான ஊரில் அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது? பெயரளவில் அனுமதி, நடப்பில் தடை. 2019 ஜனவரியில் அந்த நிபந்தனையையும், உள்ளே கட்டாயமாகக் கேமரா வைக்கும் விதியையும் நீதிமன்றம் நீக்கியது, இரவு 11.30 மணிக்கு முடிக்க வேண்டும் என்பதை விட்டுவைத்தது.

யாருக்கு நன்மை என்று கேட்டீர்கள். இந்த விடுதிகளில் வேலை செய்யும் பெண்களுக்கு இந்த அடிக்கணக்கால் எந்த நன்மையும் இல்லை, ஆள் நடமாட்டமில்லாத தொழிற்பேட்டை ஓரத்துக்கு விடுதியைத் தள்ளினால் வேலை முடிந்து நள்ளிரவில் அவர்கள்தான் அந்த இருட்டில் நடந்து போக வேண்டும். வாஷிங்டன் மாநிலம் 2024இல் கொண்டுவந்த சட்டத்தைப் படியுங்கள், ஆபத்தில் அழுத்த அவசரப் பொத்தான், உடை மாற்றும் அறைக்குப் பூட்டு, நடனக்காரர்களிடம் விடுதி வசூலிக்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு எல்லாம் அதில் இருக்கிறது. உரிமம் கொடுக்கும் நகரங்களும் இப்படிப்பட்டதை நிபந்தனையாக எழுதுவதை யோசிக்கலாம்.

தெருவிளக்கு:
நன்றி. வாஷிங்டன் சட்டத்தை இன்றே எடுத்துப் படிக்கிறேன். டல்லஸ் தீர்ப்புக்குப் பிறகு நகரங்கள் எத்தனை நாள் கெடு வைக்கின்றன என்று யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.